செத்த நொதியும் இல்லாத நொதியும் ஈஸ்ட்டுக்கு ஒன்றா?

6 மே, கேள்வி

மார்த்தாண்டம் பக்கம் எம்.எஸ்சி. படிக்கும் ஒரு தம்பி எழுதியது: "டீச்சர், நொதியின் செயல்மையத்தில் (வினை நடக்கும் இடத்தில்) ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் நொதி வேலை செய்யாது. அந்த மரபணுவையே வெட்டி எடுத்தாலும் வேலை நடக்காது. அப்படியென்றால் ஈஸ்ட்டுக்கு இரண்டும் ஒன்றுதானே? புராஜெக்டுக்கு மரபணு வெட்டிய ரகம் மட்டும் போதும் என்று நினைக்கிறேன். சரியா?"

6 மே, இரவு

ஒன்றில்லை தம்பி. இதற்கு நேர் எதிரான சாட்சி ஈஸ்ட்டிலேயே இருக்கிறது. அதுவும் பாடப் புத்தகத்தில் எல்லோரும் படிக்கிற பைருவேட் டிகார்பாக்சிலேஸில்.

பாதையை ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொள். ஒரு குளுக்கோஸ் உடைந்து இரண்டு பைருவேட் ஆகிறது. இந்த நொதி பைருவேட்டிலிருந்து கரியமில வாயுவைக் கழற்றி அசிட்டால்டிஹைடு ஆக்குகிறது. அடுத்து ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் அதை எத்தனால் ஆக்குகிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் இந்த வழியில் போனால் 92 கிராம் எத்தனால், 88 கிராம் கரியமில வாயு. ராத்திரி கலக்கி வைத்த ஆப்ப மாவு காலையில் பாத்திரத்தை விட்டு வழிகிறதே, அது அந்த 88-இன் வேலை.

இந்த நொதிக்கு (சுருக்கமாக பிடிசி) ஈஸ்ட்டில் மூன்று மரபணுக்கள்: பிடிசி1, பிடிசி5, பிடிசி6. பெரும்பாலான வேலையைச் செய்வது பிடிசி1. அதை வெட்டி எடுத்தால் ஈஸ்ட் படுத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். படுப்பதில்லை. பிடிசி1 இல்லை என்றதும் பிடிசி5 துள்ளி எழுகிறது, நொதியின் அளவு மறுபடி ஏறிவிடுகிறது, குளுக்கோஸை உணவாக வைத்த தட்டில் ஈஸ்ட் வளர்கிறது.

இனி 1999-இல் ஸ்டீபன் ஹோமன் குழுவினர் வெளியிட்டதைப் பார். பிடிசி1-இல் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய இரண்டு ரகங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். இரண்டிலும் புரதம் உருவாகிறது, வேலைதான் மிகக் குறைவு. அந்த ரகங்கள் குளுக்கோஸில் வளரவே இல்லை. மரபணு முழுதாகப் போனால் வளர்கிற ஈஸ்ட், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதற்கு வளராமல் போகிறது. காரணம், வேலை செய்யாத அந்தப் புரதமும் பிடிசி5-ஐ அடக்கியே வைத்திருக்கிறது. இதை உறுதிப்படுத்த புரதச் சங்கிலியில் 51-ஆம் இடத்தில் உள்ள குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தை அலனினாக மாற்றி ஒரு ரகத்தை அவர்களே செய்தார்கள். அந்த குளூட்டமேட் வினைக்கு மிக முக்கியமானது, செயல்மையத்திலேயே இருப்பது. அதுவும் பிடிசி5-ஐ அடக்கியது.

பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு இது உடனே புரியும். ஆசிரியர் பணியிடம் காலி என்றால் மாற்று ஆள் போடுவார்கள். பெயர் பதிவேட்டில் இருந்து, ஆள் வகுப்புக்கு வராவிட்டால் பணியிடம் காலி ஆகாது, மாற்று ஆளும் வர மாட்டார்.

வெட்டிய ரகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இது உன் கண்ணில் படவே படாது.

7 மே

மேலே எழுதியதில் ஒரு இடத்தைக் கூர்மையாக்க வேண்டும். மூன்று மாற்றங்களையும் சேர்த்துச் "செயல்மையத் திடீர்மாற்றம்" (மியூட்டேஷன்) என்று யாரும் எழுதிவிட வேண்டாம். 51 செயல்மையத்தில் இருக்கிறது. 455-ஆம் இடத்தில் செரின் ஃபினைல்அலனின் ஆன ரகம், தயமின் துணைநொதி (நொதி வேலை செய்யத் துணை நிற்கும் சிறு மூலக்கூறு) உட்காரும் மடிப்பில் இருக்கிறது. 291-இல் ஆஸ்பார்டேட் ஆஸ்பரஜின் ஆன ரகமோ தள்ளி, நொதியின் நடுப்பகுதியில் வளையக்கூடிய ஒரு கண்ணியில் இருக்கிறது. வேலை நிற்க மாற்றம் செயல்மையத்துக்குள் நடந்தாக வேண்டும் என்றில்லை. தள்ளியிருக்கும் ஒரு கண்ணி பிசகினாலும் மையத்தைத் தாங்கும் பாகங்கள் ஒன்றுக்கொன்று சரியாக அமையாமல் போகலாம்.

9 மே

கருங்கல்லில் இருந்து ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் கேட்டது: "டீச்சர், அக்கானி (பதநீர்) கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோமே, அதுவும் ஈஸ்ட்டின் நொதியைக் கொல்வதுதானே? நீங்கள் சொல்லும் திடீர்மாற்றத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?"

ஐயா, நல்ல கேள்வி. சுண்ணாம்பு மரபணுவைத் தொடுவதில்லை. அது கலயத்துக்குள் காரத்தன்மையை ஏற்றிவிடுகிறது. பாளையிலிருந்து சொட்டுகிற சாறோடு காற்றிலும் பூச்சிகளின் காலிலும் வந்து சேரும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அந்தக் காரத்தில் பெருக முடியாமல் நின்றுவிடும். சுண்ணாம்பு தடவாத கலயத்தை மத்தியானம் இறக்கிப் பார்த்தால் மேலே வெள்ளை நுரை கட்டியிருக்கும், மூக்கில் ஒரு புளிப்பு ஏறும், விளிம்பில் ஈ மொய்க்கும். அதே ஈஸ்ட்டை எடுத்து வேறு சர்க்கரைத் தண்ணீரில் விட்டால் எப்போதும் போல் வேலை செய்யும். திடீர்மாற்றம் அப்படி இல்லை. பிள்ளை, பேரப்பிள்ளை என்று தலைமுறைக்கும் போகும்.

ஆனால் நீங்கள் கேட்டதில் இன்னொரு நொதியும் இருக்கிறது, இன்வெர்டேஸ். அக்கானியில் இருக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு சுக்ரோஸ். ஈஸ்ட் அதை அப்படியே விழுங்காது. இன்வெர்டேஸைச் செல்லுக்கு வெளியே, சுவரை ஒட்டி வைத்து, சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைத்துத்தான் உள்ளே எடுக்கும். சுண்ணாம்பு குறைந்த அக்கானியைக் காய்ச்சினால் கருப்பட்டி பதம் வராமல் இழுவிக்கொண்டே இருக்கும் என்று காய்ச்சுகிறவர்கள் சொல்வார்கள். உடைந்த சர்க்கரை இறுகாது, அதுதான் விஷயம். எங்கள் வீட்டில் பெரியம்மா சிரட்டையில் ஊற்றிய பாகை ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தே, இன்றைய சாறு கெட்டது என்று சொல்லிவிடுவார்.

10 மே

இன்வெர்டேஸ் பற்றித் தொடங்கிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், புராஜெக்டுக்கு உதவும்.

இந்த நொதியின் செயல்மையத்தில் 23-ஆம் இடத்து ஆஸ்பார்டேட்டும் 204-ஆம் இடத்து குளூட்டமேட்டும்தான் வெட்டும் வேலையைச் செய்பவை. 23-ஐ மாற்றி ஒரு ரகம் செய்து, சுக்ரோஸ் தட்டில் தேய்த்து, வளருமா என்று பார்ப்பதாக வைத்துக்கொள். தனியாக இருந்தால் தடுமாறும். அதே தட்டில் பக்கத்திலேயே நல்ல ரகமும் இருந்தால் மாற்றம் பெற்றதும் வளர்ந்துவிடும்! வெளியே உடைத்த சர்க்கரையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கைத்தான் உடைத்த செல் தனக்கென்று பிடித்துக்கொள்கிறது, மீதி கரைந்து அக்கம்பக்கத்துக்குப் போய்விடுகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். நொதி செய்யாத செல்லும் சும்மா இருந்து சாப்பிடும்.

பிடிசி செல்லுக்குள்ளே இருப்பது, அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆகவே செயல்மையத்தில் கைவைக்கும் முன்பு நொதி எங்கே நின்று வேலை செய்கிறது என்று பார்த்துவிடு. உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா என்பதைப் பொறுத்துச் சோதனையின் அமைப்பே மாறும்.

13 மே

தம்பி மறுபடியும்: "அப்போ செயல்மையத் திடீர்மாற்றம் என்றாலே நொதி செத்ததுதான், சரியா?"

அதுவும் சரியில்லை. ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸை எடுத்துக்கொள். ஈஸ்ட்டின் ஏடிஹெச்1 நொதியில், வினைப்பொருள் வந்து உட்காரும் பள்ளத்தில் 93 என்று குறிக்கப்படும் இடத்தில் டிரிப்டோஃபேன் இருக்கிறது. உருவத்தில் பெரியது, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். எத்தனால் சின்ன மூலக்கூறு, அந்த நெருக்கடியில் நன்றாகப் பொருந்தும். அமெரிக்காவில் அயோவாவில் பிளாப் என்பவரின் குழு 1993-இல் அந்த டிரிப்டோஃபேனைத் தூக்கிவிட்டு மிகச் சிறிய அலனினை வைத்தது. நொதி சாகவில்லை. எத்தனாலில் அதன் திறன் பல நூறு மடங்கு விழுந்தது, ஆறு கார்பன் கொண்ட ஹெக்சனாலில் சில மடங்கு கூடியது. விருப்பத்தின் வரிசையே தலைகீழானது.

இப்போது செல்லை யோசி. அசிட்டால்டிஹைடை எத்தனால் ஆக்குவது மதுவுக்காக இல்லை. குளுக்கோஸை உடைக்கும்போது என்ஏடி என்ற, எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறு எல்லாம் என்ஏடிஹெச் ஆகிக் குவியும். அதைத் திரும்ப என்ஏடி ஆக்காவிட்டால் குளுக்கோஸை உடைக்கும் பாதையான கிளைகோலிசிஸ் நின்றுபோகும். ஏடிஹெச்1 போன ஈஸ்ட் என்ன செய்யும்? என்ஏடிஹெச்சைக் கிளிசராலில் கொட்டும். மெதுவாக வளரும், அசிட்டால்டிஹைடு தேங்கும். இதே தத்துவத்தை முதல் உலகப் போரில் ஜெர்மனியில் தொழிலாகவே நடத்தினார்கள். சல்ஃபைட் சேர்த்து அசிட்டால்டிஹைடைக் கட்டிப் போட்டுவிட்டால் ஈஸ்ட்டுக்கு வேறு வழியில்லை, கிளிசரால்தான். நைட்ரோகிளிசரினுக்கு அந்தக் கிளிசரால் போனது. அங்கே மரபணுவை யாரும் தொடவில்லை, ஆனால் வளர்சிதை மாற்றம் திரும்பிய திசை அதேதான்.

13 மே, கொஞ்சம் கழித்து

ஏடிஹெச் மாறிய ஈஸ்ட்டைப் பிடிக்கும் பழைய உபாயம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. தட்டில் அல்லைல் ஆல்கஹால் சேர்ப்பார்கள். நல்ல நொதி அதை அக்ரோலீன் ஆக்கிவிடும், அது விஷம், செல் செத்துவிடும். நொதி பழுதானவைதான் பிழைக்கும். கோடிக்கணக்கான செல்களைப் பரப்பி, பிழைத்து எழுந்த சில காலனிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். புகைப்போக்கிக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும், கண்ணை எரிக்கும்.

18 மே

ஒரு வாரமாக மனதில் கிடப்பதை எழுதுகிறேன்.

பிடிசி கதையைப் படித்துவிட்டு, சின்ன மாற்றம் எல்லாம் பெரிய நாசம் செய்யும் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது பாதி உண்மைதான். நொதியின் வேகம் பாதியானால் பாதையின் ஓட்டமும் பாதியாகும் என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். கேக்ஸர், பர்ன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973-இலும் 1981-இலும் காட்டியது வேறு. பல நொதிகள் வரிசையாக நிற்கும் பாதையில் ஓட்டத்தின் கட்டுப்பாடு எல்லோரிடமும் பங்காகப் பிரிந்து கிடக்கும். ஒன்று பாதியானாலும் ஓட்டம் பெரும்பாலும் கொஞ்சம்தான் குறையும். ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி உள்ள உயிர்களில் ஒரு பிரதி கெட்டாலும் வெளியே தெரியாமல் போவதற்கு அவர்கள் சொன்ன காரணமும் இதுதான்.

மறுபக்கமும் அப்படியே. 1989-இல் ஜெர்மனியில் கிளைகோலிசிஸிலும் நொதித்தலிலும் வரும் 8 நொதிகளை ஈஸ்ட்டில் பல மடங்கு கூட்டிப் பார்த்தார்கள். அதிகபட்சமாக ஹெக்சோகைனேஸ் என்ற நொதி ஏறக்குறைய 14 மடங்கு கூடியது. எத்தனால் உருவாகும் வேகம் அசையவில்லை.

ஆக, செயல்மையத் திடீர்மாற்றம் ஒரு நொதியை 50 சதவீதமாக்கியது என்றால் தட்டில் எதுவுமே தெரியாமல் போகலாம். 1 சதவீதமாக்கியது என்றால் நிச்சயம் தெரியும் என்பதும் இல்லை, மாற்று மரபணு எழுந்தால் மறைந்துவிடும். கிட்டத்தட்ட சாகடித்து, ஆனால் உருவத்தைக் கெடுக்காமல் விட்டால்தான் பிடிசி1 போன்ற கொடூரம் நடக்கிறது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அந்த "உருவம்". செல் வேலையை மட்டும் கணக்கெடுப்பதில்லை, புரதம் எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் ஏதோ ஒரு வகையில் பார்க்கிறது. பிடிசி1 ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் நிற்பதுதான் பிடிசி5-ஐ அடக்குகிறது என்பதே ஹோமன் குழுவினரும் முன்வைத்த விளக்கம்.

21 மே

நாகர்கோவிலில் இருந்து ஒரு ஆய்வு மாணவி வேறு கோணத்தில் மடக்கினார்: "டீச்சர், பிடிசி நான்கு துணையலகு சேர்ந்த நொதி. செத்த பிடிசி1, உயிருள்ள பிடிசி5-ஓடு சேர்ந்து அதையும் கெடுக்கலாமே? அடக்குவது என்ற கதையே தேவையில்லையே?"

அருமையான கேள்வி. இந்த நொதியில் தயமின் உட்காரும் இடம் இரண்டு துணையலகுகளின் இடுக்கில் இருக்கிறது. 51-ஆம் குளூட்டமேட் ஒரு துணையலகிலிருந்தும் 477-ஆம் குளூட்டமேட் பக்கத்துத் துணையலகிலிருந்தும் வந்து ஒரே மையத்தை அமைக்கின்றன. ஆகவே கலப்புக் கூட்டத்தில் ஒருவர் பழுது இன்னொருவரையும் பாதிக்க இடமுண்டு. ஆனால் பிடிசி5-இன் வெளிப்பாடே குறைந்தது என்பதும் சோதனையில் வந்தது. அது கூட்டுச் சேரும் முன்பே, மரபணு அளவில் நடப்பது. இரண்டில் ஒன்று நடந்தால் மற்றது நடக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. பிரித்தறிய வேண்டுமானால் பிடிசி5-இன் முன்னியக்கிக்கு (மரபணுவை இயக்கும் பகுதிக்கு) பின்னால் நிறம் காட்டும் லாக்இசட் மரபணுவை ஒட்டிவைத்து அந்த நிறத்தை அளந்துகொள், நொதியின் வேகத்தைத் தனியாக அள.

22 மே

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியை இன்னும் சொல்லவில்லை.

குளுக்கோஸில் வளராத அந்த 291 ரகத்தை எடுத்து, தானாகத் திருந்தி வளரும் செல்கள் வருமா என்று காத்திருந்தார்கள். வந்தன. ஆராய்ந்த மூன்றிலும் புதிய மாற்றம் அதே பிடிசி1 மரபணுவுக்குள்ளேயே நடந்திருந்தது. பழுதைச் சரிசெய்துகொண்டிருக்கும் என்றுதான் தோன்றும். இரண்டில் நடந்தது என்ன தெரியுமா? மரபணுவின் நடுவில் நிறுத்தக் குறி விழுந்து, புரதம் முழுதாக உருவாவதே நின்றுவிட்டது. மேலும் கெட்டதால் பிழைத்தது! செத்த புரதம் போனதும் பிடிசி5 எழுந்துவிட்டது, மரபணுவை வெட்டிய ரகம் போலவே நடந்துகொண்டது. மூன்றாவதில் 296, 297 என்று இரண்டு அமினோ அமிலங்கள், அதே வளையும் கண்ணிக்குப் பக்கத்திலேயே காணாமல் போயிருந்தன.

தம்பி, உன் முதல் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது. இரண்டும் ஒன்றா என்று ஈஸ்ட்டையே கேட்டார்கள். செத்த நொதியை வைத்திருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்று அது தேர்ந்துகொண்டது.

3 ஜூன்

மழை தொடங்கிவிட்டது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பது வயலுக்கு வரம், பெட்ரி தட்டுக்குச் சாபம். மூடியின் உட்புறம் நீர் கோத்து, அது காலனி மேல் சொட்டி, ஓரத்தில் பச்சைப் பூஞ்சை ஏறிவிடும். தட்டைக் கவிழ்த்தே வை. ஊற்றிய அகாரை ஒரு நாள் காயவிட்டுப் பிறகு பயன்படுத்து.

ஒரு தட்டின் காலனிகளை இன்னொன்றுக்கு அச்செடுக்க வெல்வெட் துணி வேண்டும். விலை கொடுத்து ஆய்வகப் பொருள் வாங்க முடியாத காலத்தில் நாங்கள் நாகர்கோவிலில் துணிக்கடையில் பருத்தி வெல்வெட் மீட்டர் கணக்கில் வாங்கி, சதுரமாக வெட்டி, நன்றாக அலசி, குக்கரில் ஆவி கொடுத்துப் பயன்படுத்தினோம். பாலியெஸ்டர் கலந்தது ஈரத்தை உறிஞ்சாது, காலனி இழுபட்டுவிடும். மயிர் குட்டையாக, அடர்த்தியாக இருக்கிறதா என்று விரலால் எதிர்த்திசையில் தடவிப் பார்த்து வாங்கு. அச்சு எடுக்கும்போது அழுத்தாதே, தட்டு தன் எடையில் உட்கார்ந்தால் போதும்.

5 ஜூன்

கேரள எல்லையில் கள்ளு வாங்கி வந்து அதிலிருந்து ஈஸ்ட் பிரிக்கலாமா என்று ஒருவர். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, கொண்டுவரும் யோசனையை விட்டுவிடுங்கள். அறிவியல் காரணமும் இருக்கிறது. கள்ளில் ஈஸ்ட் மட்டும் இல்லை, சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் இருக்கும். அதுவும் பைருவேட் டிகார்பாக்சிலேஸ் வைத்திருக்கிறது, அதுவும் எத்தனால் செய்கிறது. சுத்தமாகப் பிரிக்காமல் சாறெடுத்து அளந்தால் யாருடைய நொதியை அளக்கிறோம் என்றே தெரியாது.

கடையில் விற்கும் பேக்கரி ஈஸ்ட் பாக்கெட்டும் இந்த வேலைக்கு ஆகாது. அதில் பொதுவாக ஒவ்வொரு மரபணுவுக்கும் பல பிரதிகள் இருக்கும், ஒன்றைக் கெடுத்தால் மற்றவை மூடிவிடும். ஒற்றைப் பிரதி ஆய்வக ரகம் வேண்டும். 1996-இல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட எஸ்288சி வழியில் வந்தது கிடைத்தால் நல்லது, எந்த மாற்றத்தையும் அந்த வரிசையோடு ஒப்பிடலாம்.

8 ஜூன்

தம்பியின் வழிகாட்டி ஒப்புக்கொண்டுவிட்டாராம். மிக்க சந்தோஷம். அப்போ இப்படிச் செய்.

இயல்பான ரகம், பிடிசி1 வெட்டிய ரகம், 51-இல் அலனின் வைத்த ரகம், இந்த மூன்றும் கட்டாயம். பிடிசி1-உம் பிடிசி5-உம் சேர்த்து வெட்டியதும் கிடைத்தால் நான்காவதாக வை, அடிமட்டம் எதுவென்று அதுதான் காட்டும். எல்லாவற்றையும் எத்தனால் தட்டில் வளர்த்துப் பாதுகாத்து வை. குளுக்கோஸில் வைத்துப் பாதுகாத்தால் மேலே சொன்ன திருந்திய செல்கள் உனக்குத் தெரியாமலே தட்டைப் பிடித்துவிடும். பிறகு எத்தனால், குளுக்கோஸ் இரண்டு தட்டிலும் அச்செடு.

நொதியை அளக்கும்போது ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸும் என்ஏடிஹெச்சும் சேர்த்து, 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் குறையும் வேகத்தைப் பார். அளக்கும் கலவையில் தயமின் பைரோபாஸ்பேட்டும் மெக்னீசியமும் இருக்கட்டும். இதில் ஒரு எச்சரிக்கை. அந்த 291 ரகத்தின் நொதியை பாக்டீரியாவில் செய்வித்து எடுத்தபோது கச்சாச் சாற்றில் 10 சதவீத வேலை இருந்தது, சுத்தப்படுத்தச் சுத்தப்படுத்த அதுவும் போய்விட்டது. துணைநொதி கழன்றுவிட்டது என்றுதான் அவர்கள் கருதினார்கள். சுத்தமான நொதியை மட்டும் அளந்து பூஜ்யம் என்று எழுதினால் செல்லுக்குள் இருந்ததை நீ பார்க்கவில்லை. கச்சாச் சாற்றையும் அள.

புரதம் உண்மையிலேயே இருக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட் எடுக்காமல் எந்த முடிவையும் எழுதாதே. அதற்கு வேண்டிய எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) வரத் தாமதமாகும், இந்த வாரமே ஆர்டர் போடச் சொல்.